பதினைந்து படி இறங்கினால்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வெளியே நல்ல மழை. இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு உட்கார்ந்து, நான் அடிக்கடி கேட்கிற ஒரு ஜாஸ் பதிவைப் போட்டேன். பில் எவான்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷன் டிரம்ஸ். மூன்றே பேர். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "பெரியப்பா, பின்னால யாரோ பாத்திரம் கழுவுற மாதிரி கேக்குதே, பதிவு சரியில்லையா?" என்றான்.

பதிவு சரியாகத்தான் இருக்கிறது. கண்ணாடி டம்ளர்கள் மேசையில் இடிபடுகிற சத்தம் அது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் யாரோ தணிந்த குரலில் பேசுவதும், ஒரு மூலையிலிருந்து சிரிப்பு எழுவதும் கூடக் கேட்கும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற கிளப்பில் பிடித்த பதிவு. பிற்பகலில் இரண்டு செட், இரவில் மூன்று செட் வாசித்தார்கள். பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது 25. அந்த மூவரும் சேர்ந்து வாசித்த கடைசிப் பதிவு இதுதான். உலகத்திலேயே மிக நுட்பமான பியானோ இசை ஒன்று நடந்துகொண்டிருக்க, இரண்டு மேசை தள்ளி ஒருவர் ஐஸ் கட்டியைக் கலக்கிக்கொண்டிருக்கிறார்.

"இவ்வளவு பெரிய ஆளுங்க ஏன் மது விக்கிற கடையில போய் வாசிக்கணும்? ஒரு ஹால் கெடைக்கலையா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

நியாயமான கேள்வி. ஒரு டீக்குள் பதில் சொல்லி முடியவில்லை, இரண்டாவது டீயும் போட வேண்டியதாயிற்று. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஜாஸ் வரலாறு என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பெயர்கள் வரிசையாக வரும். ஆம்ஸ்ட்ராங், எலிங்டன், பார்க்கர், மங்க், கோல்ட்ரேன். அந்தப் பெயர்களோடு சேர்த்து அவர்கள் வாசித்த அறையையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அறை எத்தனை அடி அகலம், யாருக்குச் சொந்தம், யாரை உள்ளே விட்டார்கள், யாரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், அரசாங்கம் என்ன லைசென்ஸ் கேட்டது, என்ன வரி போட்டது என்பதையெல்லாம் வைத்துப் பார்த்தால்தான் அந்த இசை ஏன் அப்படி ஒலித்தது என்பது பாதியாவது புரியும்.

முதலில் சிகாகோவுக்குப் போவோம். ஜாஸ் பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஸ்டோரிவில் என்ற கேளிக்கைப் பகுதியை 1917இல் மூடிவிட்டார்கள், அதனால்தான் கலைஞர்கள் வடக்கே கிளம்பினார்கள் என்று பழைய புத்தகங்கள் எழுதும். அது சின்னக் காரணம். தெற்கு மாநிலங்களின் இனக் கொடுமையிலிருந்து தப்பி, தொழிற்சாலை வேலை தேடிக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்கு ரயிலேறிய காலம் அது. மக்கள் போன இடத்துக்கு அவர்களுடைய இசையும் போயிற்று. சிகாகோவின் தென்பகுதியில் லிங்கன் கார்டன்ஸ் என்றொரு நடன அரங்கம். அங்கே கிங் ஆலிவர் குழுவில் இரண்டாவது கார்னெட் வாசிக்க 1922 ஆகஸ்டில் ஓர் இளைஞர் ரயிலில் வந்து இறங்கினார். அப்போதுதான் 21 வயது. லூயி ஆம்ஸ்ட்ராங்.

அமெரிக்காவில் அது மதுவிலக்குக் காலம். 1920 ஜனவரியில் தொடங்கி 1933 டிசம்பர் வரை நீடித்தது. மதுவிலக்கு என்றால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மது ஒழியவில்லை, விற்பவர் மாறினார். பெரிய நகரங்களில் இரவு விடுதிகள் ரவுடிக் கும்பல்களின் கைக்குப் போயின. கள்ளச் சரக்கு விற்க ஒரு இடம் வேண்டும், அங்கே ஆட்களை உட்கார வைக்க நல்ல இசை வேண்டும். இசைக் கலைஞர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கிடைத்தது உண்மை. ஆனால் வேலையை விட்டு விலகும் சுதந்திரம் கிடைக்கவில்லை. சிகாகோவில் இன்றைக்கும் நடக்கிற கிரீன் மில் கிளப்பில் ஜோ லூயிஸ் என்ற பாடகர் இருந்தார். கூடுதல் சம்பளத்துக்காக வேறு கிளப்புக்கு மாறினார். 1927 நவம்பரில் ஆட்கள் வந்து அவருடைய கழுத்தை அறுத்துவிட்டுப் போனார்கள். உயிர் பிழைத்தார். பிறகு நகைச்சுவைக் கலைஞராகத்தான் மேடையேறினார்.

நியூயார்க்கில் அதே காலத்தின் முகம் காட்டன் கிளப். ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவும் 142வது தெருவும் சந்திக்கிற இடம். 1923இல் ஓவ்னி மேடன் என்ற கும்பல் தலைவன் கைக்கு வந்தது. ஹார்லெம் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. மேடையில் ஆடியவர்கள், பாடியவர்கள், வாசித்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். சாப்பாடு பரிமாறியவர்களும் அவர்களே. மேசையில் உட்கார அனுமதி வெள்ளையருக்குத்தான். பெயரிலேயே பருத்திக்காடு. மேடை அலங்காரத்திலும் பழைய அடிமைக்காலத் தோட்டத்தின் சாயல். 1927 டிசம்பர் 4 அன்று டியூக் எலிங்டன் அங்கே வாசிக்கத் தொடங்கினார். வானொலி அந்த இசையை நாடு முழுக்கக் கொண்டுபோயிற்று. புதுப்புது ஆட்டங்களுக்கு இசையமைக்க வேண்டியிருந்ததால், தன் குழுவின் ஒவ்வொரு கருவிக்கும் தனி நிறம் கொடுக்கப் பழகினார். அவருடைய மேதைமையை அந்த வேலை வளர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாசலில் நின்ற அவமானத்தை அதற்காக மறந்துவிட முடியாது. பக்கத்துத் தெருக்காரர் தன் ஊர்க்காரனின் வாசிப்பைக் கேட்க உள்ளே போக முடியவில்லை.

இரண்டு தெரு தள்ளி, அதே லெனாக்ஸ் அவென்யூவில், 1926இல் திறந்த சவாய் பால்ரூம் இருந்தது. அங்கே நிறம் பார்க்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். ஒரு குழு ஓய்ந்தால் உடனே அடுத்தது தொடங்க, மேடையும் இரண்டு. சிக் வெப் என்ற டிரம்ஸ் கலைஞர்தான் அங்கே ராஜா. முதுகெலும்பு வளைந்த, மிகக் குட்டையான மனிதர். 1937 மே மாதம் அன்றைய பெரிய நட்சத்திரமான பென்னி குட்மன் தன் குழுவோடு வந்து அவரோடு போட்டியிட்டுத் தோற்றுப்போனார். 1943இல் ஒழுக்கக்கேடு என்று காரணம் சொல்லி சவாயைச் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஜோடி சேர்ந்து ஆடியதுதான் நிஜமான காரணம் என்று ஹார்லெம் மக்கள் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மதுவிலக்கு முடிந்ததும் அறைகள் மாறின. மன்ஹாட்டனின் 52வது தெருவில் வரிசையாகப் பழைய கல்வீடுகள். முன்பக்கம் குறுகி உள்ளே நீளும் வீடுகள். நம் ஊர் அக்ரஹார வீடுகளை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த வாகு. அவற்றின் கீழ்த்தளங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புகள் வந்தன. ஓனிக்ஸ், ஃபேமஸ் டோர், த்ரீ டியூசஸ், கெல்லிஸ் ஸ்டேபிள். ஒரே இரவில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, நாட்டின் ஆகச் சிறந்த கலைஞர்கள் ஐந்தாறு பேரைக் கேட்டுவிட்டு வீடு திரும்பலாம். இதற்கு ஈடான ஒரு தெரு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குறுகிய அறையில் பதினைந்து பேர் கொண்ட குழு நிற்க முடியாது. 1938இல் கவுண்ட் பேஸி தன் முழுக் குழுவையும் ஃபேமஸ் டோருக்குள் அடைத்து வாசித்தது விதிவிலக்கு. கோடை வெப்பத்தில் ஆட்கள் வர வேண்டுமே என்று அவருடைய ஏஜென்சியே அந்த கிளப்புக்கு ஏசி போட்டுக் கொடுத்தது. மற்றவர்களுக்கு நான்கு பேர், ஐந்து பேர். ஆட இடமில்லை. ஆட இடமில்லாவிட்டால் வந்தவர் என்ன செய்வார்? உட்கார்ந்து கேட்பார். நடனத்துக்கான இசையாக இருந்த ஜாஸ், கேட்பதற்கான இசையாக மாறியதில் அந்த வீடுகளின் அகலத்துக்கும் பங்கு உண்டு.

வரிக்கும் பங்கு உண்டு. போர்ச் செலவுக்காக 1944இல் அமெரிக்க அரசு இரவு விடுதிகளின் பில்லில் நூற்றுக்கு 30 என்று வரி போட்டது. சில மாதங்களில் 20 ஆகக் குறைத்தது. ஆடினால் வரி, பாடினால் வரி. வெறும் கருவியிசை மட்டும் என்றால் வரி இல்லை. கிளப் முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். நடனத் தரையை எடுத்துவிட்டு இரண்டு மேசை கூடப் போட்டார், பாடகியை நிறுத்திவிட்டு சாக்ஸபோன்காரரை வைத்துக்கொண்டார். பீபாப் என்ற வேகமான, சிக்கலான, ஆட முடியாத புதிய ஜாஸ் அந்த வருடங்களில்தான் கிளப்புகளைப் பிடித்தது. வரியால்தான் பீபாப் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். பிறந்த பிள்ளைக்குத் தொட்டில் கிடைத்தது அப்படித்தான்.

பிறந்த இடம் வேறு. ஹார்லெமின் 118வது தெருவில் செசில் ஹோட்டலின் சாப்பாட்டு அறையை ஹென்றி மின்டன் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1938இல் கிளப்பாக மாற்றினார். மின்டன்ஸ் பிளேஹவுஸ். வேலை முடித்த கலைஞர்கள் நடுராத்திரிக்கு மேல் அங்கே கூடித் தங்களுக்குள் வாசித்துப் பார்ப்பார்கள். காசு வாங்காமல் அப்படி வாசிக்கக் கூடாது என்பது இசைக் கலைஞர்கள் சங்கத்தின் விதி. பிடிபட்டால் அபராதம். மின்டன் அந்தச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர் என்பதால் அவருடைய இடத்தை யாரும் தொந்தரவு செய்யவில்லை. திங்கட்கிழமை இரவுகளில் கலைஞர்களுக்குச் சாப்பாடு இலவசம். தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, கிதார் வாசித்த சார்லி கிறிஸ்டியன் எல்லோரும் அந்த அறையில் உட்கார்ந்துதான் புதிய இலக்கணத்தைக் கண்டுபிடித்தார்கள். திறமை போதாதவர் மேடையேறினால் அவருக்குப் பிடிபடாத ஸ்ருதிக்கு மாற்றிவிடுவார்கள், தாங்க முடியாத வேகத்துக்குப் போவார்கள். அவர் தானே இறங்கிவிடுவார்.

கஃபே சொசைட்டி என்ற கிளப்பைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நியூ ஜெர்சியில் செருப்புக் கடை வியாபாரம் பார்த்த பார்னி ஜோசஃப்சன் 1938 டிசம்பரில் கிரீனிச் வில்லேஜில் ஒரு நிலவறையில் திறந்தார். மேடையிலும் சரி, மேசையிலும் சரி, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. வெள்ளையின மக்கள் கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டை பில்லி ஹாலிடே 1939இல் முதலில் பாடியது அங்கேதான். பாட்டு தொடங்கும்போது பரிமாறுவது நிற்கும். விளக்குகள் அணையும். முகத்தில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம். முடிந்ததும் அதுவும் அணையும். திரும்ப வெளிச்சம் வரும்போது அவர் மேடையில் இருக்க மாட்டார். 1947இல் பார்னியின் அண்ணனைக் கம்யூனிஸ்ட் என்று நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பத்திரிகைகள் கிளப்பைத் தாக்கின. கூட்டம் வற்றியது. கொஞ்ச காலத்தில் மூடவேண்டி வந்தது.

இங்கே தம்பி மகன் குறுக்கிட்டான். "பில்லி ஹாலிடே பிறகு எங்க பாடினாங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான் அது. நியூயார்க் நகரத்தில் 1926 முதல் ஒரு கேபரே சட்டம் இருந்தது. 1940இலிருந்து அதோடு ஒரு அட்டையும் சேர்ந்தது. மது விற்கும் கிளப்பில் யார் வேலை பார்த்தாலும், வாசித்தாலும் பாடினாலும் பரிமாறினாலும், போலீஸ் நிலையம் போய்க் கைரேகை வைத்துப் படம் எடுத்து அந்த அட்டையை வாங்க வேண்டும். போதைப்பொருள் வழக்கு ஏதாவது இருந்தால் அட்டை கிடையாது, இருந்தாலும் பறித்துவிடுவார்கள். நீதிபதி கொடுத்த தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியே வந்தவருக்குப் போலீஸ் கொடுக்கும் இரண்டாவது தண்டனை இது. இதற்கு ஆண்டுக்கணக்கு கிடையாது.

பில்லி ஹாலிடே 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறை போனார். 1948 மார்ச்சில் விடுதலையானார். பதினோரு நாளில் கார்னகி ஹாலில் பாடினார், டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. கார்னகி ஹாலில் பாட அட்டை வேண்டாம், ஏனென்றால் அங்கே மது விற்பதில்லை. நாட்டின் உச்ச இசை அரங்கில் அவர் பாடலாம். அடுத்த தெருவில் ஐம்பது பேர் உட்காரும் கிளப்பில் பாட முடியாது. ஆனால் தினப்படி வருமானம் கிளப்பில்தான். 1959இல், 44 வயதில் இறக்கும்வரை அந்த அட்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

மங்கின் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. 1951 ஆகஸ்டில் நண்பர் பட் பவலோடு காரில் இருந்தபோது போலீஸ் பிடித்தது. காரில் போதைப்பொருள் இருந்தது. நண்பருக்கு எதிராக மங்க் வாய் திறக்கவில்லை. 60 நாள் சிறை. அட்டை போயிற்று. அப்போது அவருக்கு வயது 33. தன் பாட்டுகளில் பலவற்றை எழுதி முடித்திருந்த, இசையின் போக்கையே மாற்றியிருந்த ஒருவர், தன் சொந்த ஊரின் பெயர்பெற்ற கிளப்புகளில் ஆறு ஆண்டுகள் பியானோ முன் உட்கார முடியவில்லை. இசைத்தட்டுக்கு வாசித்தார், வெளியூர் போனார், மீதி நாட்களில் வீட்டில் இருந்தார். மனைவி நெல்லி தையல் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார்.

1957இல் அட்டை திரும்பக் கிடைத்தது. நண்பர்கள் அலைந்து வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஜூலையில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன பாரில் வேலை கிடைத்தது. குடித்துவிட்டுத் தெருவோரம் விழுந்து கிடப்பவர்களின் பகுதி என்று பெயர்பெற்ற பவரி பக்கத்தில், இரண்டு சகோதரர்கள் நடத்திய கடை. மங்க் அங்கே தன்னோடு வாசிக்க ஜான் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டார். போதைப் பழக்கத்தால் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, அந்த வருடம்தான் அதிலிருந்து மீண்டு வந்திருந்தார் கோல்ட்ரேன். பாதிப் பாட்டில் மங்க் பியானோவை விட்டு எழுந்து மேடையில் சுற்றிச் சுற்றி ஆடுவார். பியானோ துணை இல்லாத அந்த வெளியில் கோல்ட்ரேன் தனியாக நீந்த வேண்டும். நீந்தினார். வருடக் கடைசி வரை நடந்தது. எழுத்தாளர்களும் ஓவியர்களும் தினமும் வந்து கேட்டார்கள். அந்த நவம்பரில் இருவரும் கார்னகி ஹாலில் வாசித்த ஒரு நாடா, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அலமாரியில் கிடந்து 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டது. கேட்டுப் பாருங்கள், ஆறு ஆண்டுகளில் எதையெல்லாம் இழந்திருக்கிறோம் என்று தெரியும்.

அட்டை முறையை 1967இல் ஒழித்தார்கள். சட்டம் தொடர்ந்தது. சரியான உரிமம் இல்லாத கடையில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது, டிரம்ஸ் கூடாது, ஊதுகருவி கூடாது என்றுகூட விதி இருந்தது. டிரம்பெட் இல்லாமல் ஜாஸா என்று கலைஞர்கள் நீதிமன்றம் போய் 1980களின் பிற்பகுதியில்தான் அதை உடைத்தார்கள். கேபரே சட்டத்தை நகரம் முழுதாக நீக்கியது 2017இல். தொண்ணூற்றொரு ஆண்டுகள்.

52வது தெரு என்ன ஆயிற்று? போருக்குப் பிறகு கூட்டம் குறைந்தது, ஆடை அவிழ்க்கும் ஆட்டங்கள் வந்தன, பிறகு கல்வீடுகளை இடித்து அலுவலகக் கட்டடங்கள் எழுப்பினார்கள். சவாயை 1958இல் மூடினார்கள், அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. ஃபைவ் ஸ்பாட் இருந்த கட்டடமும் போயிற்று.

வான்கார்ட் மட்டும் நின்றது. மேக்ஸ் கார்டன் என்பவர் அதைத் தொடங்கியபோது கவிஞர்கள் கூடும் இடமாகத்தான் தொடங்கினார். முதலில் பிடித்த இடத்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. இரண்டு கழிப்பறையும் இரண்டு வாசலும் வேண்டும் என்றார்கள். அதற்காகத் தேடி, 1935இல் இந்த நிலவறைக்கு வந்தார். அறை முக்கோண வடிவம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. செவன்த் அவென்யூவைத் தெற்கே நீட்டியபோது பழைய தெருக்களைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனார்கள். ஓரங்களில் சமோசா துண்டு மாதிரி மனைகள் மிஞ்சின. அப்படி மிஞ்சிய ஒன்றில் எழுந்த கட்டடத்தின் அடித்தளம் இது. சுவர்கள் நேருக்கு நேர் பார்த்து நிற்காததால் ஒலி முட்டித் திரும்பிக் குழம்புவதில்லை. அந்தக் கூர்மூலையில்தான் மேடை. சோனி ராலின்ஸ் 1957இலும், கோல்ட்ரேன் 1961இலும் அங்கே நின்று வாசித்த பதிவுகளில் அந்த அறையே ஒரு கருவியாகக் கேட்கிறது. கலைஞர்கள் ஓய்வெடுக்கத் தனி அறை கிடையாது. சமையலறையில் உட்கார்ந்துகொள்வார்கள்.

மேக்ஸின் மனைவி லொரைன், 1948இல், திருமணத்துக்கு முன்பே, மங்கை அங்கே வாசிக்க வைக்கச் சொல்லி மேக்ஸிடம் வாதாடியவர். வைத்தார்கள், யாரும் வரவில்லை. அந்த அம்மாள் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1989 மே மாதம் மேக்ஸ் இறந்தார். அன்றிரவு லொரைன் கிளப்பை மூடினார். மறுநாள் திறந்தார். 2018இல் தான் இறக்கும்வரை நடத்தினார். இப்போது மகள் டெபரா நடத்துகிறார்.

நியூயார்க் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர். சுதந்திரதேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் பார்த்தாயிற்று என்றால் ஒரு திங்கட்கிழமை மாலையை ஒதுக்கி வையுங்கள். எண் 178, செவன்த் அவென்யூ சவுத். சிவப்புக் கூடாரத்துணி போட்ட ஒற்றைக் கதவு. உள்ளே பதினைந்து படி இறங்க வேண்டும், முட்டிவலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். 1966 பிப்ரவரியில் தொடங்கிய திங்கட்கிழமைக் குழு, ஆட்கள் மாறினாலும், இன்னமும் வாசிக்கிறது. டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மொத்தம் 123 பேருக்குத்தான் இடம்.